ஆறு லட்சத்துக்குப் புதிய சின்ன காரா, பழைய பெரிய காரா?

கேட்டவர் திருப்பூரில் இருக்கிறார். கையில் ஆறு லட்சம். நாலு பேர் குடும்பம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் போல ஓட்டம், அதில் பாதிக்கு மேல் தேனிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்வருவது. இப்போது வீட்டில் நிற்பது 2009 ஆல்டோ. புதிய சின்ன கார் வாங்குவதா, அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய பழைய கார் வாங்குவதா, டீசல் நல்லதா, டெல்லி வண்டிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே அவற்றை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

என் பதில்: பழைய கார் எடுங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாக இருக்கட்டும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், ஒரே ஓனர், தமிழ்நாட்டுப் பதிவு. டீசல் உங்களுக்கு வேண்டாம். டெல்லி வண்டி வேண்டவே வேண்டாம்.

முதலில் காசு. ஷோரூம் விலை ஐந்து லட்சம் என்று ஒரு புதிய காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியைத் திருத்தினார்கள். ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆக வரி மட்டும் அறுபதாயிரம். மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதோடு முழுக் காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் ஆறு லட்சத்தைத் தொட்டுவிடும். இந்த ஒரு லட்சத்தில் ஒரு ரூபாய்கூட வண்டியின் மதிப்பில் சேராது. மறுநாளே விற்கப் போனாலும் வரியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பழைய வண்டி வாங்கும்போது அந்த வரியை முதல் ஓனர் கட்டி முடித்திருக்கிறார். பலரும் கணக்கில் எடுக்காத லாபம் இது.

அடுத்தது தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன. ஒரு வருடம் முடியும்போது 15 சதவீதம் கழிவு, இரண்டாம் வருடம் முடியும்போது 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. காகிதத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே கழிவுதான், சந்தை அப்படி நடப்பதில்லை. இன்னோவாவும் ஸ்விஃப்டும் இந்த அட்டவணையைவிட மெதுவாகத்தான் விலை இறங்கும். செடான்கள் வேகமாக இறங்கும், ஏனென்றால் இன்றைக்கு எல்லோருக்கும் உயரமான வண்டிதான் வேண்டும். ஒரு வண்டியின் விலை அதன் உண்மையான தேய்மானத்தைவிட வேகமாக இறங்கியிருந்தால், அங்கேதான் நீங்கள் வாங்க வேண்டும். ஊரே தேடும் வண்டியைப் பழையதாக வாங்குவதில் லாபம் கிடையாது. ஐந்து வருட ஸ்விஃப்டுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் புதியதே எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தது. புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் விற்பவர்கள் பலர் பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். பேரம் பேசப் போகுமுன் அதே மாடலின், அல்லது அதற்கு இணையான மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வரிக்குறைப்பால் புதிய சின்ன காரின் பக்கமும் நியாயம் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று புதிய ஆல்டோ கே10-லேயே ஆறு ஏர்பேக் வருகிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவராக நீங்கள் இருந்திருந்தால் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக நாலு பேரும் மூட்டை முடிச்சுமாக நெடுந்தூரம் போகிறவருக்கு அது போதாது.

2019 ஜூலை என்று ஏன் கோடு போட்டேன்? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய கார்களை முதன்முதலாக மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ என்று ஏர்பேக் இல்லாத ஐந்து மாடல்களும் பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கின. அதே போலோ இரண்டு ஏர்பேக்கோடு நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரே வண்டி, ஒரே தொழிற்சாலை. ஏர்பேக் இருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் வேறு மதிப்பு. அதன் பிறகுதான் அரசு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019 ஏப்ரலில் எல்லா கார்களுக்கும், அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டும் ஒலி, பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரில் விற்பனையிலிருந்த எல்லா மாடல்களும் மோதல் சோதனை விதிக்குள் வந்தாக வேண்டியிருந்தது. 2017 வண்டி எழுபதாயிரம் குறைவாகக் கிடைக்கிறதே என்று மனம் அலைபாயும். அந்தப் பணத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது என்ன என்று பின் சீட்டில் உட்காரப் போகிறவர்களை நினைத்து முடிவெடுங்கள். தயாரான மாதத்தை ஆர்.சி.யில் பாருங்கள், பதிவு செய்த தேதியை நம்பாதீர்கள். டீலர் கிடங்கில் பல மாதம் கிடந்து பதிவான வண்டிகள் உண்டு.

டீசலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த எஞ்சின்களில் ஒன்று டீசல்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. 2003-இல் போலந்தில் தயாரிப்பு தொடங்கி, 2005-இல் தன் பிரிவில் உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. இங்கே ரஞ்சன்காவில் ஃபியட்டும் மானேசரில் சுசுகியும் அதைச் செய்தார்கள். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா, பிரெஸ்ஸா என்று அந்த ஒரே எஞ்சின் இந்தியாவில் எத்தனை பானட்டுக்குக் கீழே உட்கார்ந்தது! அதனால்தான் கோவில்பட்டியில் நின்றாலும் கும்பகோணத்தில் நின்றாலும் அதைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தார். உதிரிபாகம் எந்தக் கடையிலும் இருந்தது. 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் டர்போ எழுந்து தள்ளும் அந்த உதை, ஓட்டியவர்களுக்கு மறக்காது.

அந்தக் காலம் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது முடிந்தது. மாருதி டீசலையே கைவிட்டது. மற்றவர்கள் தொடர்ந்தார்கள், ஆனால் பிஎஸ்6 டீசல் வேறு மாதிரியான வண்டி. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் சூடேற்றித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி ஓரளவு வேகத்தில் விடாமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், அலுவலகம் என்று தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியில் அது எரிந்து முடியவே முடியாது. எச்சரிக்கை விளக்கு வரும், சர்வீஸ் சென்டருக்குப் போவார்கள், அப்புறம் வண்டியை விற்றுவிடுவார்கள். பழைய பிஎஸ்6 டீசல் விற்பனைக்கு வந்திருந்தால் அது எங்கே, எப்படி ஓடியது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு டீசல் இன்றும் அருமையான தேர்வு. உங்கள் ஆயிரத்துக்கு அது தேவையில்லை.

இந்த எல்லா யோசனைக்கும் அடியில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்களை யாரும் இரண்டாவது ஓனரை நினைத்துச் செய்வதில்லை. முதல் ஓனர் ஷோரூமில் நிற்கும் ஐந்து நிமிடத்தையும், வாரண்டி இருக்கும் சில வருடங்களையும் நினைத்துச் செய்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு கார் பதினைந்து வருடம் ஓடுகிறது. கடைசிப் பத்து வருடம் அது ஷோரூம் பக்கம் போகாமல், மரத்தடி மெக்கானிக் கையில்தான் வாழ்கிறது. 1983-இல் வந்த மாருதி 800 அப்படி வாழத் தெரிந்த வண்டி. 2014-இல் தயாரிப்பு நின்ற பிறகும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என்ன நடக்கிறது? முகப்பு விளக்கில் பல்பை மாற்ற முடியாது, உள்ளே ஒரு எல்இடி போனால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். ஏசி திருகு போய்த் தொடுதிரை வந்துவிட்டது. திரை கெட்டால் ஏசியையும் சரியாக இயக்க முடியாது. ரேடார் வைத்த வண்டியில் பம்பரைக் கழற்றி மாட்டினால் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும், அதற்கான கருவி எல்லா ஊரிலும் கிடையாது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 'லைஃப்டைம்' என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் எந்த ஆயிலும் வண்டியின் ஆயுள் முழுக்க உழைத்ததில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி எதை வாங்கினாலும் கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், மாற்றவே இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் ஓட்டுவதற்கு என்னவொரு சுகம்! ஆனால் அதில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பழுதானால் வருகிற பில் உங்கள் பட்ஜெட்டையே ஆட்டிவிடும். ஆசைப்படலாம், வாரண்டி முடிந்த ஒன்றை ஆறு லட்சத்தில் கடைசிக் காசையும் போட்டு வாங்கக் கூடாது.

இது வெறும் ரசிகனின் புலம்பல் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியபோது அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. நல்ல தொடக்கம். ஆனால் எந்த மாடலின் எந்தக் கம்ப்யூட்டரை வெளி மெக்கானிக் திறந்து பார்க்கலாம் என்பதற்குச் சட்டத்தின் பலம் வேண்டும், அது இல்லாமல் மரத்தடியில் ஒன்றும் மாறாது.

வண்டியின் உருவத்தையே வரிதான் செதுக்கியது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்ன கார் என்பதற்கு நிபந்தனை: நான்கு மீட்டருக்குள் நீளம், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். அன்றிலிருந்து நிறுவனங்கள் அளவுகோலை வைத்துக்கொண்டு வண்டி செய்தார்கள். டிசையரின் டிக்கியை 2012-இல் வெட்டிக் குறைத்தது அதற்காகத்தான். இன்றைய ஜிஎஸ்டியிலும் அதே நான்கு மீட்டர் கோடு நிற்கிறது. நான்கு மீட்டருக்குள் உயரமாக நிமிர்த்தி, சக்கர வளைவில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டி எஸ்யூவி என்று விற்பதில் எனக்கு மரியாதை இல்லை. அதே காசுக்குக் கிடைக்கும் பழைய செடானில் நெடுந்தூரப் பயணத்துக்கு முதுகு வலிக்காத சீட்டும், வளைவில் சாயாத உடம்பும் கிடைக்கும்.

உங்களுக்கு எந்த வண்டி? என் முதல் தேர்வு ஹோண்டா ஜாஸ் பெட்ரோல். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. பின் சீட்டை மடித்து வைத்தால் ஒரு சின்ன வீட்டையே காலி செய்யலாம். குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம். ஜாஸை இங்கே நிறுத்திவிட்டார்களே என்று பயப்படுவதால்தான் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் அதே எஞ்சின் அமேஸில் இன்றும் வருகிறது, எஞ்சின் பாகங்களுக்குத் தட்டுப்பாடு வராது. பின் விளக்கு, கண்ணாடி, பம்பர் மாதிரி அந்த மாடலுக்கே உரியவற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும். நிறுத்தப்பட்ட எந்த வண்டியைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் பிரித்து யோசியுங்கள். இரண்டாவது தேர்வு அமேஸ். அது கிடைக்காவிட்டால் பலேனோ 1.2 அல்லது ஐ20 1.2, இரண்டுக்கும் ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு. அல்ட்ரோஸ் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கெட்டியான வண்டி, எஞ்சின்தான் மூன்று சிலிண்டர் அதிர்வோடு கொஞ்சம் முரடு. ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் எடுங்கள்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே அப்படிப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று கணித்தது. ரப்பர் குழாய்களும் சீல்களும் எப்படித் தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 2009-லிருந்து தயாரான தன் எல்லா கார்களின் பாகங்களும் இந்தக் கலவையைத் தாங்கும் என்று ஹோண்டா அறிவித்திருக்கிறது, ஜாஸைச் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

ஃபோர்டு? 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டில் மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. ஓட்டும் சுகத்தில் இகோஸ்போர்ட் டீசலுக்கு ஈடாக அந்த விலையில் ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சொந்தமாக ஒரு நல்ல மெக்கானிக்கும், பாகம் வரும்வரை ஓட்ட இன்னொரு வண்டியும் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். குடும்பத்துக்கு ஒரே வண்டி என்றால் வேண்டாம். 2017-இல் விற்பனையை நிறுத்திய ஷெவர்லே பக்கம் போகவே வேண்டாம்.

சரி, வண்டியை எப்படிப் பார்ப்பது? காலையில் போங்கள், எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறார்கள், குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ஸ்டார்ட் செய்த பின் புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே போகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் புகையும் அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அடிபட்ட வண்டியைப் பெயிண்ட் மறைக்கும், போல்ட் மறைக்காது. பானட்டைத் திறந்து இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் முனையைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டிருந்தால் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சஸ்பென்ஷன் உட்காரும் அப்ரான் இரண்டிலும் தொழிற்சாலை வைத்த புள்ளி வெல்டுகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருக்கும். டிங்கரிங் பார்த்த இடத்தில் அந்த வரிசை குலைந்திருக்கும். கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்து, கூரையைத் தாங்கும் தூணான பில்லரைப் பாருங்கள். பம்பர் மாற்றியதும், கதவில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்ததும் பெரிய விஷயமே இல்லை, நம் ஊர்த் தெருவில் ஓடிய வண்டியில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அப்ரானிலும் பில்லரிலும் கை வைத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மீட்டரைத் திருப்புவது இன்று ஒரு லேப்டாப் வேலை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. 2019 வண்டி, மீட்டரில் 32,000, நாலு டயரும் 2023 என்றால் முதல் டயர்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் பளபளக்க, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கிப் போயிருந்தால் அந்த வண்டி முப்பதாயிரத்தில் நிற்கவில்லை. ஓனரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் சர்வீஸ் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கிறது. வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை மெக்கானிக்கிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். பழுதுக் குறியீடுகளை நேற்றுத்தான் அழித்தார்களா என்பதைப் பல வண்டிகளில் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். சில வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கு மீட்டரைத் தவிர வேறு கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்கும். எழுபதாயிரம் ஓடிய, பதிவுகள் முழுசாக இருக்கும் வண்டி, ஆதாரம் இல்லாத முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட எனக்கு மேல்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் நான் யாருக்கும் சலுகை சொல்வதில்லை. 2015 டிசம்பர் மழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று சென்னை இரண்டு முறை கார்களை நீரில் பார்த்தது. காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டம் என்று கழித்துவிட்ட வண்டி ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு ஊரில் விற்பனைக்கு வரும். எஞ்சின் பிழைத்துவிடும். ஒயரிங் கனெக்டர்கள் மெல்ல மெல்லப் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்துத் தொல்லை கொடுக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் தரைமட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே உள்ள குழியில் வண்டல் தேடுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்குக் கீழே ஈரவாடை, முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு. பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் கூடுதலாகத் தேடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்துங்கள், ஏசியையும் முதலில் நிறுத்துங்கள். சின்னச் சின்னக் குழியில் ஏற்றினால் சஸ்பென்ஷனிலுள்ள லிங்க் ராடும் ஆர்ம் புஷ்ஷும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், அவை மலிவான வேலைகள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது, அது சில ஆயிரங்கள். பிறகு ஏசியைப் போட்டு அரைமணி ஓட்டுங்கள். கூலிங் காயில் கசிந்தால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். ஒருமுறை இறக்கிய டேஷ்போர்டு அப்புறம் கிரீச் சத்தத்தை விடுவதே இல்லை.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்றால், அங்கே பத்து வருட டீசலும் பதினைந்து வருட பெட்ரோலும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு நீதிமன்றத்தில் தளர்வுகள் வந்தாலும் பயம் போகவில்லை, அதனால் ஏழெட்டு வருட வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள். நீங்கள் அங்கிருந்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும், அந்த முதல் ஓனரை நேரில் பார்க்கவே முடியாது. விலையில் மிச்சமான பணம் இதிலேயே கரைந்துவிடும். புதுச்சேரி எண் வண்டிக்கும் இதே எச்சரிக்கை. அங்கே வரி குறைவு என்பதற்காக வாங்கிப் பதிந்தவை பல. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும், வரியும் உண்டு.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், காப்பீடு எதுவரை, கடன் இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதம் பாருங்கள். ஹெச்.பி., அதாவது வண்டியின்மேல் கடன், இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வந்த பிறகுதான் முழுப் பணம். அதற்கு முன் முன்பணத்தோடு நிறுத்துங்கள். முன்பு டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்று நேரடியாகக் கேளுங்கள், பதிவு வரலாற்றோடு ஒப்பிடுங்கள். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவரின் நோ கிளெயிம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

உங்கள் ஆல்டோவைப் பற்றி. 2024-இல் அதன் பதினைந்து வருடம் முடிந்திருக்கும், எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதுப்பிக்காமல் ஓட்டினால் காப்பீட்டுக் கோரிக்கையில் சிக்கல் வரும், விற்கவும் முடியாது. புதுப்பித்திருந்தால் அதை அடிமாட்டு விலைக்குக் கன்சல்டிங்கில் விடாதீர்கள், கார் ஓட்டப் பழகுபவர்கள் தேடி வாங்குவார்கள். ஆனால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவரோடு நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போங்கள், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலை வாங்கி வையுங்கள், அதன் பிறகு சாவியின் இரண்டாவது பிரதியைக் கொடுங்கள்.